ஒன்பதும் இரண்டும் எவ்வளவு நேரம்?

சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை முழுக்க அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் குந்தியிருப்பவர்களால்தான்.

சத்தியம் பண்ணிவிட்டே தொடங்குகிறேன். கீழே வருவதில் ஒரு சொல் பொய் என்றாலும், வெள்ளவத்தையில் உள்ள அத்தனை தாய்மாரும் நாளை விடிய என் மாடிப்படியில் ஏறி வரட்டும். ஒவ்வொருவர் கையிலும் பிள்ளையின் மார்க்ஸ் ஷீற் இருக்கட்டும். இதைவிடக் கொடிய சாபம் எனக்குத் தெரியாது. என்னைத் தெரிந்தவர்கள், "கிழவன் கை கால் வைத்துத்தான் கதைப்பான்" என்பார்கள். மற்றக் கதைகளுக்கு அது பொருந்தும். இதற்கு நான் ஒன்றும் வைக்கவில்லை, இருந்ததே போதும்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், என் சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. ரயில் போனால் மேசை ஆடும். பிள்ளைகள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு அது போய் முடியும்வரை பொறுத்திருப்பார்கள். கதவுக்கு வெளியே குந்தியிருக்க நீள வாங்கு ஒன்று. அதில் தாய்மார். நீங்களும் இந்தத் தொழிலில் நொந்தவர் என்றால், அந்த வாங்கைப் பற்றி நான் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ரொறன்ரோக் கையுறை

இப்போது ஊரில் ஒரு புது வியாதி. பிள்ளை விரல் மடக்கி எண்ணக்கூடாதாம். எண்ணினால் மூளை வளராதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது; யாரோ யாருக்கோ போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். பிறக்கும்போதே கையோடு வந்த சாமானை வைத்து எண்ணாமல் வேறு எதை வைத்து எண்ணுவது என்று நான் கேட்டேன். "நீங்கள் பழைய காலத்து ஆள் சேர்" என்றார்கள். ஓம், பழைய காலத்தில் விரல் இருந்தது.

ஹெவ்லொக் டவுனிலிருந்து கவின் என்றொரு பையன் வந்தான். ஏழு வயது. அவனுடைய அம்மா இந்த வியாதியில் முற்றியவர். ஒரு சனிக்கிழமை பையன் இரண்டு கையிலும் கம்பளிக் கையுறையோடு வந்து இருந்தான். ரொறன்ரோவில் உள்ள சித்தி பனிக்குப் போடுகிறதை அனுப்பியிருக்கிறாள். கொழும்புப் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு பென்சில் பிடித்தால் எப்படி இருக்கும்? வியர்வை மணிக்கட்டால் வழிந்து கொப்பியில் ஏழு ஒன்பதாகியது. ஆனால் விடை மட்டும் சரியாக வந்தது. எனக்குச் சந்தேகம். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தானே எல்லாரும் உள்ளே வருவது? பையனுடைய கால்விரல்கள் பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி விழுந்துகொண்டிருந்தன. பத்துக்கு மேல் போகிற கணக்கு வந்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் காலை மிதித்து மிச்சத்தை எண்ணுவான். பக்கத்துப் பிள்ளை "ஆவ்" என்றால், விடை பதினொன்றுக்குக் குறையாது என்று எனக்கு விளங்கிவிடும்.

இதைத் தாயிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தை மிகவும் பொறுப்பாக வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப சித்தியிட்டச் சொல்லி தடிச்ச சொக்ஸும் எடுப்பிக்கட்டோ சேர்?"

டி பிரிவு

அந்த மிதிபட்ட பக்கத்துப் பிள்ளைதான் ஜெனிற்றா. எட்டு வயது, தரம் மூன்று, கொட்டாஞ்சேனை. தாய் ரீட்டா காலி வீதியில் ஒரு சாரிக்கடையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் வேலைக்கு பஸ்ஸில் வரும்போது பிள்ளையையும் கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டு, மத்தியானம் ஓடிவந்து கூட்டிப்போவாள். வாங்கில் குந்த நேரம் இல்லாத ஒரே தாய் என்பதால் எனக்கு அவள்மீது தனி மரியாதை.

ஜெனிற்றாவின் சிக்கல் இது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு பக்கத்தில் நாற்பது கூட்டல் கழித்தல் அடித்துக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் முடி என்பார். இவள் பாதிதான் முடிப்பாள். முடித்தது அத்தனையும் சரி. மிச்சம் வெள்ளைக் கடதாசி. தவணை முடிவில் இதே சோதனை வைத்து, பக்கத்தை முடிக்காத பிள்ளைகளை ஏ பிரிவிலிருந்து டி பிரிவுக்கு அனுப்புவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

டி பிரிவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே போன பிள்ளைகள் சிலர் என்னிடமும் வந்திருக்கிறார்கள். அங்கே மழைக்காலத்தில் குடைப் படத்துக்குக் கலர் அடிப்பார்கள், வெயில் காலத்தில் சூரியனுக்குக் கலர் அடிப்பார்கள். கணக்கு என்பது பக்கத்துக் கட்டடத்தில் நடக்கிற ஒரு விசேஷம். ஒரு பிள்ளையை அங்கே தள்ளுவதற்கு இருபது கணக்கு எழுதாதது போதும். அங்கிருந்து திரும்பக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வராது.

ரீட்டா சொன்னாள், "வீட்டில விரல் எண்ண விடுறதே இல்ல சேர். டீச்சர் வேணாம் எண்டுட்டா. செய்யிறதெல்லாம் சரி. ஆனா செஞ்சு முடியிறதுக்குள்ள மணி அடிச்சிடுது."

தாய் படியிறங்கிப் போனபின் பிள்ளை மெல்ல என்னிடம் சொன்னது வேறு. "டி கிளாஸில எனக்கு நல்லா நிறம் தீட்ட வருமெண்டு அங்கயே வச்சிருவாங்க சேர்."

அட்டை மனேஜர்

கவினுக்கு ஒரு அப்பாவும் இருந்தார். வங்கியில் மனேஜர். கையுறை தோற்றதும் அவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நுகேகொடையில் போய்க் கட்டு அட்டை வாங்கிவந்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கணக்கு. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அட்டையைக் காட்ட, பையன் விடை சொல்ல, அப்பா போனில் நேரம் பிடிக்க. கனடா, லண்டன் எல்லாம் வீடியோ கோலில் பார்த்துக் கைதட்டியதாம். ஒருநாள் என் வீட்டுக்கே கொண்டுவந்து, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நடத்திக் காட்டினார். உண்மையைச் சொன்னால் நானே பயந்துபோனேன். பையன் அட்டை திரும்புமுன்னமே விடை சொன்னான்.

அட்டை திரும்புமுன்னமே! அது அவருக்கு மட்டும் உறைக்கவில்லை. நான் அட்டைக்கட்டை வாங்கி, சீட்டு விளையாடுகிறவன் மாதிரி நன்றாகக் கலைத்துவிட்டுக் காட்டினேன். மூன்றும் இரண்டும். "பதினொண்டு" என்றான். எட்டும் ஆறும். "ஏழு" என்றான். ஒன்றும் ஒன்றும். "பதினாலு" என்றான். அதே வேகம், அதே தெளிவு. அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. போனில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பையனுக்கோ என்மேல்தான் கோபம்.

"சேர், நீங்கள் பிழையான ஓடரில காட்டுறீங்கள்."

ஒரு ரயில் போகும் நேரம்

மனேஜர் அட்டைக்கட்டோடு போனபின், இவர்களைப் பார்த்துச் சிரித்தது போதும், அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையைப் பார்ப்போம் என்று ஜெனிற்றாவைப் பக்கத்தில் இருத்தினேன். நான்கும் மூன்றும் என்றேன். சொல்லி வாய் மூடமுதல் "ஏழு." ஆறும் மூன்றும். "ஒன்பது." ஒன்பதும் ஒன்றும். "பத்து." மின்னல். இந்தப் பிள்ளையையா மெதுவென்று சொன்னார்கள்?

பிறகு கேட்டேன், ஒன்பதும் இரண்டும். பிள்ளை கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கீழே ஒரு ரயில் வந்து, மேசை ஆடி, ரயில் போயே போய்விட்டது. கண்ணைத் திறந்து, "பதினொண்டு" என்றாள். சரி, எண்ணுகிறாள் என்று நினைத்தேன். எட்டும் ஏழும் கேட்டேன். அதைவிடக் கூட எண்ண வேண்டும் அல்லவா? ஆனால் அதற்கும் அதே ஒரு ரயில் நேரம். பதின்மூன்றில் ஆறு போனால்? அதற்கு இரண்டு ரயில். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் பத்தைத் தாண்டாவிட்டால் மின்னல். தாண்டினால் ஒரு ரயில். தாண்டிவிட்டுத் திரும்பி வந்தால் இரண்டு. அரை ரயில், முக்கால் ரயில் என்று ஒன்று கிடையாது.

என் தொழில் அனுபவத்தை எல்லாம் திரட்டி யோசித்தேன். திரட்டியும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அட்டையும் கையுறையும் வாங்கினவர்களைப் பார்த்துச் சிரித்தவன், அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவளிடம் "கெதியாச் செய் பிள்ளை, கெதியாச் செய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு வாத்தியார் எதற்கு, பஸ் கொண்டக்டரே போதும்.

வாங்கிலிருந்து கவினின் அம்மா எட்டிப் பார்த்தார். உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்ற கவலை அவருக்கு இல்லை.

"மெதுவான பிள்ளைக்குப் பக்கத்தில இருத்தினா எங்கட மகனுக்கும் தொத்தாதோ சேர்?"

சட்டைப் பை

அன்றைக்குத்தான் கவனித்தேன், ஜெனிற்றா வலக்கையால் எழுதுகிறாள், இடக்கை மட்டும் எப்போதும் சட்டைப் பைக்குள் இருக்கிறது. டொபி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் ஒன்று தரலாம் அல்லவா?

"கையை வெளியில எடு பிள்ளை."

எடுக்கவில்லை. கண் கலங்கியது. பிறகு மெல்ல எடுத்தாள். கையில் ஒரு கறுப்புச் செபமாலை.

நான் சைவக்காரன், ஆனாலும் கொழும்பில் இத்தனை காலம் இருந்தவனுக்குச் செபமாலை தெரியாதா? பத்துச் சின்ன மணி, பிறகு தனியாக ஒரு பெரிய மணி, திரும்பப் பத்துச் சின்ன மணி. பின்னேரம் வீட்டில் எல்லாரும் முழங்காலில் நின்று உருட்டும்போது, விரல் பறிபோன இந்தப் பிள்ளை மாலையைப் பார்த்திருக்கிறாள். எண்ணுவதற்கு மணி இருக்கிறது, பத்து எங்கே முடிகிறது என்று பெரிய மணி சொல்கிறது. விலை கொடுத்து வாங்கப் போனாலும் இதைவிட நல்ல கணக்குச் சாமான் கிடைக்காது. ஒன்பது மணி தள்ளி, இன்னும் இரண்டு தள்ள வேண்டும் என்றால் இடையில் பெரிய மணி குறுக்கே வருகிறது. பெரிய மணி வந்தால்?

"பரலோக மந்திரம் சொல்லோணும் சேர்" என்றாள்.

அந்த நீளச் செபம் முழுசாக. முதல் சொல்லிலிருந்து ஆமென் வரைக்கும். கழித்தலுக்குப் பதின்மூன்று மணி போகும்போது ஒருமுறை, ஆறு மணி திரும்பி வரும்போது இன்னொருமுறை. எனக்கு ரயில் கணக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் பத்து நிமிஷத்தில் நாற்பது கணக்கு எழுத வேண்டிய பிள்ளை, பாதி நேரத்துக்கு மேல் செபத்தில் இருந்திருக்கிறாள். அதற்குத்தான் டி பிரிவு.

"அப்ப சின்ன மணிக்கு ஒண்டும் சொல்றேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதுக்கு 'மரியே' எண்டு மட்டும் சொல்லிட்டு ஓடிருவன் சேர். அவ அம்மாதானே, ஒண்டும் சொல்லமாட்டா. பெரிய மணியைச் சும்மா தாண்ட ஏலாது."

மூவர் மாநாடு

மத்தியானம் ரீட்டா ஓடிவந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அப்படியே படியில் இருந்துவிட்டாள். தவணைச் சோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

"செபம் சொல்லாத எண்டு பெத்த தாய் நான் எப்பிடிச் சேர் சொல்றது?"

"நான் சொல்லவோ?"

"நீங்க சொன்னா அதவிடப் பாவம்."

சரி, விரலையே திரும்பக் கொடுத்துவிடுவோம் என்றேன். டீச்சர் கண்டால் அன்றைக்கே டி பிரிவுதான் என்றாள். கொஞ்சம் கெதியாகச் சொல்லப் பழக்கலாமே என்றேன். முறைத்தாள். அடுத்ததாக, வாத்தியார்மாருக்கே உரிய மேதைத்தனத்தோடு ஒரு யோசனை சொன்னேன். கடையில் ஒரு சாதாரண மணிமாலை வாங்குவோம். பெரிய மணியே இல்லாதது. எல்லாம் ஒரே அளவு. செபமும் இல்லை, தாமதமும் இல்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதுவரை பேசாமல் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த ஜெனிற்றா நிமிர்ந்து பார்த்தாள். டி பிரிவுக்குப் போக வேண்டியது நான்தான் என்பதுபோல ஒரு பார்வை.

"பெரிய மணி இல்லாட்டி பத்து எங்க முடியுது எண்டு எப்பிடிச் சேர் தெரியும்?"

நான் தாய்க்காரி கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கேட்காமலே குடித்தேன். பிள்ளை மற்றச் செருப்பையும் மாட்டி, எழும்பி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு தன்னுடைய யோசனையைச் சொன்னாள்.

"செபமெல்லாத்தையும் முதலே பஸ்ஸில சொல்லி வச்சிட்டா?"

மாலை வாங்கும் இடம்

அடுத்த சனிக்கிழமை ரீட்டா முதல்முறையாக என் வாங்கில் இருந்தாள். கடையில் அரை மணித்தியால லீவு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சொல்லாமல் போக முடியவில்லை.

பிள்ளை நாற்பதையும் எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தபோது இன்னும் நேரம் இருந்ததாம். டீச்சர் நம்பவில்லை. பார்த்து எழுதியதாகச் சொல்லிக் கரும்பலகைக்கு முன்னால் கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வாயால் கேட்டிருக்கிறார். சட்டைப் பையையும் பார்த்தாராம். முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி மட்டும்தான். மாலை வீட்டில், மாதா படத்து ஆணியில் தொங்கியது. செபமெல்லாம் சொல்லி முடித்தாயிற்று, பிறகு மாலை என்னத்துக்கு என்று பிள்ளை அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கேட்கக் கேட்கக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு விடை சொல்லியிருக்கிறாள். உதடும் அசையவில்லையாம்.

"ஏ-யிலேயே வச்சிட்டாங்க சேர்" என்று சொல்லிவிட்டு, ரீட்டா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாதக்கணக்காக மணி உருட்டி உருட்டிப் பிள்ளையின் தலைக்குள்ளேயே பத்து போய் இருந்துவிட்டது. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. செய்ததாக வாங்கில் சொல்லிக்கொண்டேன், அது வேறு.

கவினின் அம்மா இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் கைப்பை, கைப்பைக்குள் சொக்ஸ். ரீட்டாவின் பக்கம் நகர்ந்து இருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த மாலை கொச்சிக்கடைக் கோயிலடியில வாங்கலாமோ, இல்லாட்டி ஒன்லைனில ஓடர் பண்ணவோ?"

மிச்சம்

உள்ளே மேசையில் ஜெனிற்றா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை, ஒரு கவலை. டி பிரிவிலிருந்து தப்பிய பிள்ளைக்கு இனி என்ன கவலை?

"சேர், ஒரு கேள்வி. எத்தனை தேவைப்படும் எண்டு தெரியாம நான் அறுபது பரலோக மந்திரம் சொல்லி வச்சிட்டன். நேற்றுக் கணக்குப் பார்த்தா, பத்தைத் தாண்டினதுக்கும் திரும்பி வந்ததுக்கும் சேர்த்து நாப்பத்தி மூண்டுதான் செலவு. பதினேழு மிச்சம். அத அடுத்த தவணைக்கு வச்சுக்கொள்ளலாமோ, இல்ல, அது முடிஞ்சு போயிடுமோ?"

அறுபதில் நாற்பத்து மூன்று. ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். கையில் மணியும் இல்லை, விரலும் இல்லை. கடவுளிடம் மிச்சம் வைக்கலாமா என்ற கேள்விக்கு நான் எங்கே போவேன்? அதை உங்கள் பாதிரிச் சுவாமியிடம் கேள் பிள்ளை என்று சொல்லிவிட்டு, முதலில் அந்தப் பதினேழு சரிதானா என்று பார்ப்போமென மேசைக்கு அடியில் கையை விட்டேன். நாற்பத்து மூன்றிலிருந்து ஐம்பதுக்கு ஏழு, பிறகு ஒரு பத்து... பிள்ளை குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள், வாங்கில் தாய் இருக்கிறாளா என்று. என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"விரலை மடக்காதேங்கோ சேர், அம்மா கண்டா ஏசுவா."

ஆக, விரலைப் பறித்தார்கள், பிள்ளை மணியைப் பிடித்தாள், இப்போது மணியையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள், வாத்தியார் மட்டும் இன்னும் விரலில்தான் நிற்கிறான். கேட்டதை ஊருக்கெல்லாம் சொல்லுங்கள், சொன்னது யாரென்று மட்டும் ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் கவினின் அம்மா மூன்று செபமாலையோடு வந்து வாங்கில் குந்தியிருக்கிறார்.